புல்லடியில் மினுங்கும் கண்கள்

நீலகிரியின் உச்சிப் புல்வெளியில் ராத்திரி டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். பனித்துளி மாதிரி மினுங்கியவை ஓநாய்ச் சிலந்தியின் கண்கள்! முன்வரிசையில் நாலு சின்னக் கண், அதற்கு மேலே ரெண்டு பெருசு, பின்னால் ரெண்டு. பெரும்பாலும் வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். தாய் முட்டைப்பையை வயிற்று நுனியில் ஒட்டிக்கொண்டே திரியும்; பொரித்த குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். நம்ம நெல்வயலில் புகையானைத் தின்பதும் இந்தக் குடும்பம்தான்.

குடும்பத்தைக் கண்ணை வைத்தே சொல்லிடலாம். எந்த இனம் என்று சொல்ல போட்டோ போதாதுங்க. வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து, வரைந்து, பழைய விவரிப்புகளோடு ஒப்பிடணும். அதற்குப் பொறுமை வேணும், புல்வெளியும் இருக்கணும். வெளிநாட்டுச் சீகை மரம் அதை மூடிக்கொண்டே வருது. பச்சையாத்தானே இருக்கு என்கிறாங்க. நிழல் விழுந்தால் இந்தப் புல் நிற்காது. பெயர் வைக்காத சிலந்தியும் அதோடு போயிடும்.