இருதயத்தை ஆளும் நரம்புகள்

உடலுறுப்புகளுள் ஓய்வு அறியாதது இருதயம். நிமிஷத்திற்கு எழுபது தடவை வீதம் அது ஒரு நாளில் ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. இத்துடிப்பு இருதயத்தின் உள்ளேயே தோன்றுவதாகும். எனினும் அதன் வேகத்தைக் காலத்திற்கேற்பக் கூட்டுவதும் குறைப்பதும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் வேலை. இம்மண்டலத்தில் இரு பிரிவுகள் உள்ளன. பரிவு நரம்புகள் துடிப்பை விரைவுபடுத்துகின்றன; துணைப்பரிவுப் பிரிவைச் சேர்ந்த வேகஸ் நரம்பு அதைத் தணிக்கிறது. 1921-இல் ஆட்டோ லோவி என்னும் விஞ்ஞானி, தவளையின் இருதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி, அப்போது கசியும் ஓர் இரசாயனப் பொருளே துடிப்பைக் குறைக்கிறது என்று நிறுவினார். இதற்காக 1936-இல் ஹென்றி டேல் என்பவருடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஒரே உடலில் இரு துறைகள்

பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கென 1882-இல் நிறுவப்பட்ட வேளாண் குடியிருப்பாகும். இன்று அது கணிப்பொறி நிறுவனங்கள் மலிந்த பகுதி. அங்கு 2001 ஜனவரி 19-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சத்ய சாயி உயர் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் இருதய நோய்ப் பகுதியும் நரம்பு நோய்ப் பகுதியும் ஒருங்கே இயங்குகின்றன. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இவ்விரு துறைகளையும் வெவ்வேறானவை என்று கருதுவது வழக்கம். நோயாளியின் உடலிலோ அவை பிரிந்து நிற்பதில்லை. அதே நகரில் நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள், வலிப்பு நோயாளரிடமும் மனச்சோர்வுற்றோரிடமும் இருதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தை அளந்து, நரம்புக் கட்டுப்பாட்டில் நேரும் மாறுதல்களை ஆராய்ந்துள்ளனர்.

நீரிழிவு விளைக்கும் கேடு

இந்நரம்புகளைப் பழுதாக்கும் நோய்களுள் முதன்மையானது நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடி மக்களுக்கு நீரிழிவு உள்ளது. கிராமங்களைவிட நகரங்களில் அதன் வீதம் மிகுதி.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருப்பின் நரம்பிழைகளும், அவற்றிற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சிதைகின்றன. பெரும்பாலும் நீண்ட வேகஸ் நரம்பே முதலில் கெடுகிறது. தணிக்கும் கை தளர்ந்ததும், படுத்திருக்கும்போதுகூட நாடி விரைந்து ஓடுகிறது. பின்னர் பரிவு நரம்புகளும் கெட்டால், எழுந்து நிற்கையில் இரத்தக் குழாய்கள் தக்கவாறு சுருங்குவதில்லை. இரத்த அழுத்தம் சட்டென்று தாழ்ந்து, தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகின்றன.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. இருதயத்தின் வலியை மூளைக்கு அறிவிக்கும் இழைகளும் சிதைவதால், மாரடைப்பு நேர்ந்தும் நோயாளி நெஞ்சுவலியை உணராதிருக்கக்கூடும். மூச்சுத் திணறல், வியர்வை, காரணமற்ற களைப்பு ஆகியவையே அவருக்குக் கிட்டும் அறிகுறிகள். அவற்றை அஜீரணம் என்றெண்ணி வீட்டிலேயே தங்கிவிடுவது உயிருக்கு ஆபத்தாகும். நீரிழிவு நோயாளர் எண்ணாயிரவருக்கு மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. இந்நரம்புக் கோளாறு உடையோரிடையே மரண அபாயம் ஏனையோரைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை மிகுந்திருந்ததை அது காட்டிற்று.

எளிய சோதனைகள்

இக்கோளாற்றைக் கண்டறியும் எளிய முறைகளை எடின்பரோ நகர மருத்துவர்களான யூயிங், கிளார்க் ஆகியோர் வகுத்து, 1982-இல் தொகுத்து வெளியிட்டனர். நோயாளி ஐந்து விநாடி மூச்சை உள்ளிழுத்து, ஐந்து விநாடி வெளிவிடுகிறார். இவ்வாறு ஒரு நிமிஷம் செய்கையில் இ.சி.ஜி. பதிவு எடுக்கப்படுகிறது. மூச்சு உட்செல்கையில் துடிப்பு விரைவதும் வெளிவருகையில் தணிவதும் இயல்பு. அவர்கள் வகுத்த அளவுகோலின்படி இவ்வேறுபாடு நிமிஷத்திற்கு 15 துடிப்போ அதற்கு மேலோ இருப்பின் நன்று. 10 அல்லது அதற்குக் குறைவாயின் நரம்புக் கோளாற்றை ஐயுற வேண்டும். முதுமையில் இவ்வேறுபாடு தானே குறையுமாதலால் வயதையும் கருத்திற் கொள்வர்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பறையிலேயே விளக்கலாம். மாணவர்கள் மணிக்கட்டில் நாடியைத் தொட்டவாறு மெதுவாக மூச்சை இழுத்து விட்டால், துடிப்பின் ஏற்ற இறக்கத்தைத் தம் விரல்களாலேயே உணர்வர். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை.

களப் பணியாளர் செய்யக்கூடிய சோதனை மற்றொன்று. நோயாளியை ஐந்து நிமிஷம் படுக்கவைத்து இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். பின் எழுந்து நிற்கச் செய்து, முதல் நிமிஷத்திலும் மூன்றாம் நிமிஷத்திலும் மீண்டும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 மி.மீ. அல்லது கீழ் அளவு 10 மி.மீ. தாழ்ந்தால் அவரை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். நீர் வற்றிய நிலையிலும் சில மருந்துகளாலும் இவ்வீழ்ச்சி நேரக்கூடுமாதலால், உண்ணும் மருந்துகளின் பெயர்களையும் குறித்தனுப்புவது நலம். நிற்கும்போது நோயாளி விழுந்துவிடாதபடி அருகில் ஒருவர் இருத்தல் அவசியம்.

தடுக்கும் வழி

முற்றும் சிதைந்த நரம்பை மீட்பது அரிது. சிதையாமற் காப்பது இயலும். இளமையிலேயே இன்சுலின் தேவைப்படும் வகை நீரிழிவு உடைய 1,441 பேரிடம் நடத்தப்பட்டு 1993-இல் முடிவு வெளியான ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடையே இக்கோளாறு தோன்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புகையை விலக்கலும், இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அளவில் வைத்தலும், நாள்தோறும் நடத்தலும் இருதயத்திற்கு நலம் தருவன. கோளாறு கண்டவர்கள் படுக்கையிலிருந்து சற்று அமர்ந்திருந்து மெல்ல எழ வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் இதைத் தெரிவிப்பதும், புதிய தேகப்பயிற்சியை மருத்துவர் யோசனையின்றித் தொடங்காதிருப்பதும் முக்கியம்.

வலியில்லை என்பதால் நோயில்லை என்று கொள்ளலாகாது. நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் இதை எடுத்துரைத்து, சர்க்கரையை அளக்கும் நாளிலேயே நின்ற நிலை இரத்த அழுத்தத்தையும் அளந்து குறித்து வைப்பது, கிராமச் சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய பணியாகும்.