'மடை திறந்து' யாருடைய பாட்டு?

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குக் குடும்பத்தோடு காரில் போகும்போது வானொலியில் 'மடை திறந்து' வந்தால், முன் இருக்கையில் இருக்கும் அப்பா "ராஜா பாட்டு" என்பார். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளை "யோகி பி பாட்டு" என்பான். இருவர் சொல்வதும் சரிதான். முதல் பாட்டு 1980-இல் பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. இரண்டாவது, 2006-இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பில் இடம்பெற்றது.

அந்தத் தொகுப்பு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. அன்று அதைப் பள்ளிச் சீருடையில் கேட்டவர்கள் இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். ஆனாலும் நம் வீடுகளில் அதைப் பற்றிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

யோகி பி அதற்கு முன்பே அறிமுகமானவர். 'பொயெட்டிக் அம்மோ' குழுவில் ஒருவராக 1998-இலேயே இசைத்தொகுப்பு வெளியிட்டவர். ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் என்று நம் தெருவில் கேட்கும் மொழிகளிலெல்லாம் பாடிய குழு அது. 'வல்லவன்' அப்படியல்ல. சொல்லிசையைத் தமிழிலேயே ஒரு முழுத் தொகுப்பாகக் கொடுக்க முடியும் என்று அது காட்டியது.

அதன் மீது பெரியவர்கள் சொல்லும் முதல் குறை, "நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்" என்பது. இந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது. நன்றாக அமைந்த ஒரு மெட்டை எடுத்து நடுவில் வேறு குரலை நுழைத்தால், பழைய ரசிகருக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் எந்தப் பாட்டை எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். படத்தில் அது, வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இசைக்கலைஞன் காணும் கனவு. சினிமா வாசலுக்கு வெகு தொலைவில், மலேசியாவில் பிறந்த தமிழ் இளைஞர்கள் பாடுவதற்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைத்திருக்குமா? அதைக் கேட்டுவிட்டு 'நிழல்கள்' பாட்டைத் தேடிப்போன பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவது குறை, "இது பாட்டே இல்லை, வேகமாகப் பேசுகிறார்கள்" என்பது. தைப்பூசத்தன்று குனோங் சீரோ முருகன் கோயிலில் திருப்புகழ் கேட்டவர்கள் இப்படிச் சொல்லலாமா? அருணகிரிநாதரின் சந்தத்தில் சொற்களே தாளமாகும். வல்லின எழுத்துகள் மத்தளம்போல் விழும். சொல்லிசையும் அந்த வலுவைத்தான் நம்பியிருக்கிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், "வந்தேன், நின்றேன், வென்றேன்" என்று வரி முடிவை ஒலிக்கச் செய்வது சுலபம். சுமாரான சொல்லிசைப் பாடகர் அதோடு நின்றுவிடுவார். கெட்டிக்காரர் வரியின் தொடக்கத்திலும் நடுவிலும் எதுகை, மோனையைப் பொருத்துவார். இந்த வேறுபாட்டைக் காதால் பிடிக்கத் தெரிந்துவிட்டால், எது நல்ல சொல்லிசை, எது வெறும் சத்தம் என்பது தானே விளங்கும்.

மூன்றாவது குறை, "இது கறுப்பர்களின் இசை, நமக்கு எதற்கு?" என்பது. இதற்கு நம் பேராக் மாநிலத்தின் கதையிலேயே பதில் இருக்கிறது.

ஹிப் ஹாப் 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய டி.ஜே. கூல் ஹெர்க் என்ற இளைஞர், இசைத்தட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு ஆடவைத்தார். நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, வேலையும் வசதியும் வெளியேறிய பகுதி அது. வாத்தியம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள், வீட்டில் இருந்த இசைத்தட்டையும் தங்கள் வாயையும் வாத்தியமாக்கிக்கொண்டார்கள்.

இங்கே என்ன நடந்தது? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். அது சில தோட்டங்களைக் காத்தது. மற்ற தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து வீட்டையும், கோயிலையும், திருவிழாவையும் விட்டுவிட்டுக் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் குடியேறின. புந்தோங்கிலும் மற்ற இடங்களிலும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே இடம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளின் இசை நம் பிள்ளைகளுக்குப் பிடித்ததில் வியப்பில்லை. தப்பும் உறுமியும் கேட்டு வளர்ந்த காதுக்குக் கனத்த தாளம் புதிதுமல்ல.

நான்காவது குறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொல்லிசை என்ற பெயரில் பின்னால் வந்த சில பாடல்கள் அடிதடியையும் குண்டர்தனத்தையும் பெருமையாகப் பாடின. தோட்டத்தை விட்டு வந்த பையன்கள் கும்பல்களில் சிக்கிய வேதனையை அறிந்த தாய்மார்கள் அதைக் கேட்டு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. இதற்கு மருந்து, பாட்டைத் தடை செய்வதல்ல. பிள்ளையோடு உட்கார்ந்து கேட்டு, "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பது.

'வல்லவன்' திறந்த வழி தமிழ்நாடு வரை போனது. 2007-இல் 'பொல்லாதவன்' படத்திலும், 2011-இல் 'ஆடுகளம்' படத்திலும் யோகி பி குரல் ஒலித்தது. நம் பாட்டி தாத்தாக்கள் காலத்திலிருந்து தமிழ்நாடு பாடும், நாம் கேட்போம். இந்த முறை நாம் பாட, அங்கே கேட்டார்கள். தமிழ்ப்பள்ளிக்குப் போகாமல், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத ஒரு பிள்ளைக்கு அது என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெட்கப்பட்டுப் பேசிய மொழியில் ஒருவன் நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிறான்!

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். 1980 பாட்டையும் 2006 பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் குடும்பத்தோடு கேளுங்கள். பிறகு புதிய பாட்டின் ஒரு பகுதியைப் பிள்ளை தமிழில் எழுதட்டும். பிழையை அப்பாவோ தாத்தாவோ திருத்தட்டும். யார் கட்சி வென்றாலும் சரி, அரை மணி நேரம் வீட்டில் தமிழ் எழுதப்பட்டிருக்கும்.