வீணைக்குத் தந்தம் கேட்டால் கம்பி எண்ணணும்!

கே.கே. நகரில் மகளுக்குத் தஞ்சாவூர் வீணை வாங்கக் கிளம்பும் பெற்றோர்களே, உஷார்!

பலா மரத்துக்குப் பழுப்பு பாலீஷா, கருஞ்சிவப்பா? யாளி முகத்துக்குத் தங்க வர்ணமா? அது உங்கள் இஷ்டம். ஆனால், குடத்தின் விளிம்பில் "அந்தக் காலத்துத் தந்த வேலைப்பாடு வேணும்" என்று வாய் தவறிக்கூடக் கேட்காதீர்கள்! நம் நாட்டு யானைத் தந்த வியாபாரத்துக்கு 1986-லேயே தடை. ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991-ல். மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு ஜெயில். வீணைக்குக் கம்பி ஏழுதான். அங்கே எண்ணி மாளாது!

"அசல் தந்தம் சார்" என்று ஒருவன் காதைக் கடிக்கிறானா? அது பிளாஸ்டிக் என்றால் பணம் போச்சு. நிஜமாகவே தந்தம் என்றால் மானமும் போச்சு. தஞ்சாவூர்ப் பட்டறைகளிலேயே இப்போது வெள்ளை பிளாஸ்டிக் தகட்டில்தான் பூ வேலை. நாதத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் பாட்டி வாசித்த தந்த வீணை இருக்கிறதா? வனத்துறை சான்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விற்கப் போனால் கேஸ்தான்!