கடல் கடந்து வரும் குழந்தை

ஆரணியில் பொழுது புலரும் வேளையில் பட்டு நெசவாளர் தெரு ஒன்றில் நடந்து சென்றால், வழி நெடுக நீண்டு கிடக்கும் பாவைக் காணலாம். இரு கோடியிலும் இழுத்துக் கட்டிய பட்டிழைகளினிடையே ஆணும் பெண்ணுமாக நின்று, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்து கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிட வேண்டும். நெசவு ஒருவர் செய்யும் தொழில் அன்று. குடும்பமே கூடிச் செய்யும் தொழில். ஆகையால், அத்தெருவில் குழந்தை இல்லாத வீட்டின் மௌனம் மற்ற இடங்களைவிடச் சற்று அதிகமாகவே காதில் விழும்.

அப்படிப்பட்ட வீடு ஒன்றை நேயர்கள் மனத்தில் கற்பனை செய்து கொள்ளும்படி வேண்டுகிறோம். கணவருக்கு வயது 46, மனைவிக்கு 41. போகாத கோயில் இல்லை. பார்க்காத வைத்தியர் இல்லை. கடைசியில் ஒரு குழந்தையை ஸ்வீகாரம் செய்து கொள்வதென்று இருவரும் தீர்மானித்தார்கள். "இங்கே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வெளிதேசத்தில் சுலபமாகக் கிடைக்குமாம்" என்று யாரோ ஒரு சிநேகிதர் சொன்னார். உடனே பாஸ்போர்ட்டு வாங்கியாயிற்று. பெட்டியும் வாங்கியாயிற்று. தறியில் மிஞ்சிய பட்டில், ஒரு வயதுக் குழந்தைக்கு ஏற்ற சிறு பாவாடைக்கு வேண்டிய துணியையும் கணவர் நெய்து வைத்துவிட்டார்.

வீட்டிலிருக்கும் வயதான தாயாருக்கு மட்டும் மனம் சமாதானமாகவில்லை.

"யார் பெற்ற பிள்ளையோ, நம்மோடு ஒட்டுமாடா?" என்றார்.

"பழைய பாவு தீரும்போது புதுப் பாவை இழைக்கு இழை பிணைக்கிறோமே, அம்மா, அது ஒட்டாமலா போகிறது?" என்றார் மகன்.

அழகான பதில்தான். ஆனால் பாவு பிணைப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஓரிழை மாறிப் பிணைந்துவிட்டாலும் துணி நெடுக அந்தக் குறை தெரியும். வெளிதேசம் சென்று குழந்தை எடுத்து வருவதும் அத்தகைய காரியமே. பிரயாணச் சீட்டு வாங்குமுன் அத்தம்பதிகள் அறிய வேண்டியவை சில உண்டு.

பிதிருக்காகவா, பிள்ளைக்காகவா?

ஸ்வீகாரம் நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் பழைய நாளில் அது பெரும்பாலும் பெரியவர்களின் தேவைக்காகவே நடந்தது. பிதிர்க்கடன் செய்யவும், சொத்தை ஆளவும், பரம்பரை அறாமல் காக்கவும் ஓர் ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. விதவையான ராணி ஸ்வீகாரம் செய்து கொள்ளலாமா என்று இராமநாதபுரம் ஜமீன் வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்றது. சாஸ்திர வாசகத்தைக் காட்டிலும் நாட்டின் நிச்சயமான வழக்கமே வலியது என்று 1868-ல் தீர்ப்பாயிற்று. டல்ஹௌசி பிரபுவோ ஸ்வீகாரப் பிள்ளைகளின் உரிமையை மறுத்தே சதாரா, ஜான்சி முதலிய ராஜ்யங்களை விழுங்கினான். பேஷ்வா பாஜிராவின் ஸ்வீகார புத்திரரான நானா சாகேப், தமக்கு மறுக்கப்பட்ட உபகாரச் சம்பளத்திற்காக அஜிமுல்லாகானை லண்டனுக்குத் தூது அனுப்பினார். தூதர் வெறுங்கையுடன் திரும்பினார். இந்த விவகாரங்களிலெல்லாம் ராஜ்யத்தைப் பற்றிப் பேசினார்கள். குழந்தையின் சுகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

1956-ஆம் வருஷத்து ஹிந்து ஸ்வீகாரச் சட்டம் ஒரு பெரிய கதவைத் திறந்தது. பெண் குழந்தையையும் ஸ்வீகாரம் செய்யலாம். மணமாகாத பெண்ணும் விதவையும் தம் சொந்த உரிமையிலேயே செய்யலாம். தத்த ஹோமம் கட்டாயமன்று, மனமொப்பிக் கொடுத்து வாங்குதலே பிரதானம் என்றாயிற்று. அநாதைக் குழந்தைகளைப் பற்றிய 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமோ எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. 'இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும்' என்பது பழைய எண்ணம். 'இந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும்' என்பது புதிய எண்ணம். சட்டம் வருமுன்பே இதை வாழ்ந்து காட்டியவர் காந்தியடிகள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த தூதாபாய் 1915-ல் குடும்பத்துடன் ஆசிரமத்தில் சேர்ந்தார். அவருடைய சிறுமி லக்ஷ்மியை அடிகள் பின்னர்த் தம் மகளாகவே ஏற்றுக் கொண்டார். அதில் பிண்டமும் இல்லை, ஜமீனும் இல்லை.

காத்திருப்போர் இரு பக்கமும்

நம் ஆரணித் தம்பதிகளின் சிநேகிதர் சொன்னதில் பாதி உண்மை. இந்தியாவில் ஸ்வீகாரம் கோரிப் பதிவு செய்துகொண்ட பெற்றோர்கள் பல்லாயிரவர். சிறு குழந்தை வேண்டுவோர் மூன்று வருஷத்திற்கு மேலும் காத்திருக்க நேர்கிறது. 2024-25-ல் நாடு முழுவதிலும் நடந்த ஸ்வீகாரங்கள் 4,515 மாத்திரமே.

மற்றொரு பாதியை அவர் சொல்லவில்லை. காத்திருக்கும் பெற்றோர்களில் மிகப் பலர் கேட்பது கைக்குழந்தை, அதுவும் நோயற்ற குழந்தை. ஐந்து வயதான குழந்தை, கூடப் பிறந்த தம்பியைப் பிரியாத அக்காள், இருதயத்தில் கோளாறுள்ள பையன், சரியாக நடக்கவியலாத சிறுமி—இவர்களும் காத்திருக்கிறார்கள். உள்நாட்டில் யாரும் முன்வராதபோது இக்குழந்தைகளை அயல்நாட்டுப் பெற்றோர்களுக்குக் காட்டுவது விதி. அப்பொழுது எங்கோ இத்தாலியிலோ அமெரிக்காவிலோ ஒரு குடும்பம் பெட்டி கட்டுகிறது. ஹிந்தியிலோ தமிழிலோ நாலு வார்த்தை கற்றுக் கொண்டு விமானம் ஏறுகிறது. நாம் 'வேண்டாம்' என்று தாண்டிப் போன குழந்தையை அவர்கள் தூக்கி அணைத்துக் கொண்டு போகிறார்கள். இங்கிருந்து கடல் தாண்டிப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோர் இத்தகையவர்களே. ஆரணியிலிருந்து ஒரு குடும்பம் குழந்தையைத் தேடி வெளிதேசம் புறப்பட நினைக்கையில், வெளிதேசத்தார் நம் குழந்தையைத் தேடி இங்கே வருகிறார்கள்!

தொட்டிலில் நடந்த வியாபாரம்

'வெளிதேசத்தில் சுலபம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் எச்சரிக்கை அடைய வேண்டும். எங்கே குழந்தை மிகச் சுலபமாகக் கிடைத்ததோ, அங்கே பெரும்பாலும் ஒரு தாய் ஏமாற்றப்பட்டிருக்கிறாள்.

நமக்கு அண்டையிலுள்ள இலங்கையைப் பாருங்கள். 1980-களில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற குழந்தைகள் ஆயிரக்கணக்கானவர்கள். பெற்ற தாயைப்போல் நடித்துக் குழந்தையை ஒப்படைக்க வேறு பெண்களைக் கூலிக்கு அமர்த்தியதும் உண்டென்று பின்னர் வெளியாயிற்று. வளர்ந்து பெரியவர்களாகித் தாயைத் தேடி வந்த பலர், தஸ்தாவேஜிலுள்ள பெயரே பொய் என்று கண்டு கலங்கினார்கள். கொரியாவிலிருந்து 1950-கள் தொடங்கிச் சென்ற குழந்தைகள் சுமார் 2 லட்சம். பெற்றோர் உயிருடன் இருந்தும் 'அநாதை' என்று எழுதி அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் உண்டென்று அந்நாட்டு விசாரணைக் குழுவே 2025-ல் கூறியது. ஹாலந்து தேசம் அயல்நாட்டு ஸ்வீகாரத்தை 2021-ல் நிறுத்தி வைத்தது. 2024-ல் அதைப் படிப்படியாக முடித்துவிடத் தீர்மானித்தது. சீனாவும், உறவினர் எடுப்பது போன்ற சில வகை தவிர, அதே வருஷத்தில் கதவைச் சாத்தியது.

நம் நாடும் குற்றமற்றதன்று. லக்ஷ்மிகாந்த் பாண்டே என்னும் வக்கீல் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி பகவதி 1984-ல் அளித்த தீர்ப்பு இங்கு நடந்த அக்கிரமங்களுக்கு ஒரு வரம்பு கட்டிற்று. முதலில் பெற்றோரிடமே வளர வழி செய்ய வேண்டும். இயலாவிட்டால் இந்நாட்டிலேயே ஒரு வீடு தேட வேண்டும். அதுவும் இயலாவிட்டாலே அயல்நாடு என்பது அதன் சாரம். 1990-ல் மத்திய ஸ்வீகார அதிகாரசபை ஏற்பட்டது. 'காரா' என்று அதனை வழங்குகிறார்கள். 1993-ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது. இன்று குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல் உண்டு.

மூட்டை கட்டுமுன்

அப்படியும் போகத்தான் வேண்டுமென்றால், ஒழுங்கான வழி இதுவே. எந்நாட்டுக் குழந்தையோ அந்நாட்டுச் சட்டப்படி ஸ்வீகாரம் முதலில் நிறைவேற வேண்டும். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடாயின், தம்பதிகளின் இல்லத்தைப் பற்றிய அறிக்கை, குழந்தையின் வரலாறு, குழந்தையின் வைத்தியப் பரிசோதனை ஆகியவற்றைக் கண்டு காரா சம்மதம் அளிக்க வேண்டும். குழந்தையிடம் அந்நிய பாஸ்போர்ட்டு இருக்குமாகையால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் விசா பெற வேண்டும்; உள்துறை மந்திரிசபையின் அனுமதியும் வேண்டும்.

இந்தக் காகிதங்களை வீண் தொல்லையென்று எண்ணலாகாது. அமெரிக்காவில் ஸ்வீகாரப் பெற்றோர் பலர் தங்கள் குழந்தைக்குப் பிரஜா உரிமை வாங்க மறந்தார்கள். 2000-ஆம் வருஷத்துச் சட்டம் அதை எளிதாக்கிற்று. எனினும் அதற்குள் 18 வயதைக் கடந்துவிட்டவர்களை அது சேர்த்துக் கொள்ளவில்லை. அங்கேயே வளர்ந்து, அந்த பாஷையன்றி வேறு பாஷை அறியாத சிலர், நடுவயதில் பிறந்த நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பெற்றோர் மறந்த ஒரு காகிதத்திற்குப் பிள்ளை கொடுத்த விலை அது.

எதிர்த் திசையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டில் குடியேறிய ஆரணிக்காரர் ஒருவர், தம் தம்பியின் குழந்தையை ஸ்வீகாரம் செய்துகொள்ள ஊருக்கு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். பந்துக்கள் கூடிப் பத்திரம் எழுதி ஹோமமும் செய்துவிட்டால், மறுநாள் குழந்தையுடன் விமானம் ஏறிவிடலாம் என்று எண்ணுகிறவர் பலர். அது நடவாது. உறவுக் குழந்தையாயினும் அயல்நாட்டுக்கு அழைத்துச் செல்ல ஜில்லா மாஜிஸ்திரேட்டின் விசாரணையும் காராவின் சம்மதமும் வேண்டும். போகும் நாட்டுச் சட்டமும் இடம் கொடுக்க வேண்டும். அதற்குள் தாயினிடமிருந்து பிரிந்துவிட்ட குழந்தை, இங்குமில்லாமல் அங்குமில்லாமல் தவிக்கும்.

மலாய் நாட்டு மகள்கள்

இனி, தாயாரின் கேள்விக்கு வருவோம். 'யார் பெற்ற பிள்ளையோ, ஒட்டுமா?'

இதற்கு மலாய் நாட்டிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தமிழர்கள் என்றோ விடை சொல்லிவிட்டார்கள். யுத்தத்திற்கு முன்னும் பின்னும் வறுமையாலும், ஜாதகப் பொருத்தமின்மையாலும், ஆண்பிள்ளை மீதுள்ள ஆசையாலும் சீனக் குடும்பங்கள் சில தங்கள் பெண் குழந்தைகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டன. அவர்களில் பலரைத் தமிழர்கள் எடுத்து வளர்த்தார்கள். அப்பெண்கள் பூச்சூடி, சேலை உடுத்தி, தமிழ் பேசித் தமிழ் மகள்களாகவே வளர்ந்தார்கள். முகம் வேறு, பேச்சும் சமையலும் பாசமும் தமிழே. ஒட்டுவது இரத்தத்தால் மட்டுமன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆயினும் கண்ணாடியைப் பார்க்கும் குழந்தைக்கு ஒரு நாள் சந்தேகம் எழத்தான் செய்யும். அப்பொழுது அயலார் வாயால் அது கேட்கலாகாது. தாயின் மடியில் இருந்து கேட்க வேண்டும். சிறு வயது முதலே கதைபோல் சொல்லி வருவதே நலம். ஸ்வீகாரம் செய்யப்பட்ட குழந்தை வளர்ந்தபின் தன் பிறப்பைப் பற்றித் தேடும் உரிமையை நம் விதிகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆகையால் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது உண்மை, துணிமணிகள் பிறகு.

இப்பொழுது மறுபடியும் ஆரணி வீட்டுக்குத் திரும்புவோம். 46-ம் 41-ம் கூட்டினால் 87. நம் நாட்டு விதிப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெறத் தம்பதிகளின் கூட்டு வயது 85-க்கு மேற்படலாகாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு 90 வரையிலும், நான்கிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு 100 வரையிலும் இடமுண்டு. கைக்குழந்தைக்கான கதவு சாத்திவிட்டது என்று மனமுடைந்துதான் அவர்கள் வெளிதேசத்தை நினைத்தார்கள். அடுத்த கதவு திறந்தே இருக்கிறது. அதன் பின்னால் யாரும் கேளாத ஒரு குழந்தை இந்நாட்டிலேயே நிற்கிறது.

பாஸ்போர்ட்டு பெட்டியில் இருக்கட்டும். பிறகு ஒரு காலத்தில் மூவருமாக எங்கேனும் போய் வர உதவும். நெய்து வைத்த அந்தப் பாவாடைத் துணிதான் நாலு வயதுக் குழந்தைக்குப் போதாது. அதனால் என்ன? தறி வீட்டிலேயே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நீட்டி நெய்தால் தீர்ந்தது.