ஓட்டுநரின் காயமும் காயமே

லாரியும் மிதிவண்டியும் மோதின என்று கேட்டதும் நம் உள்ளம் மிதிவண்டியில் வந்தவருக்காகவே பதறுகிறது. அது இயல்பு, நியாயமும் கூட. ஆனால், லாரி ஓட்டுநரும் காயமுறலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

உலக சுகாதார நிறுவனம் எண்ணிப் பார்த்துள்ளது. 1990-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில் இதற்கெனவே 'வி 61' என்னும் குறியீடு உண்டு. விபத்து பொதுச் சாலைக்கு வெளியே நிகழ்ந்து, காயமுற்றவர் ஓட்டுநராகவும் இருப்பின் அது 'வி 61.0' ஆகும். கல் உடைக்கும் குவாரி, ஆலை வளாகம், பண்ணை வழி போன்ற இடங்கள் இதில் அடங்கும்.

பல டன் எடையுள்ள லாரியை ஓர் எளிய மிதிவண்டி என்ன செய்துவிடும் என்று வினவலாம். ஊறு விளைவிப்பது மிதிவண்டியன்று. அதைக் காப்பாற்ற முயலும் அந்த ஒரு நொடியே. திடீரெனத் தடையை அழுத்துகையில் ஓட்டுநரின் மார்பு சக்கரத்தில் மோதுகிறது. கட்டப்படாத சுமை முன்னோக்கிச் சரிகிறது. வண்டியைத் திருப்பினாலோ, இளகிய மண்ணில் சக்கரம் புதைந்து வண்டியே கவிழக்கூடும். 'உள்ளே மெதுவாகத்தானே செல்கிறோம்' என்று இருக்கைப் பட்டையைக் கழற்றிவிடுவோரும் உளர்.

வளாகத்தினுள்ளும் பட்டை அணிதல், சுமையை இறுகக் கட்டுதல், மிதிவண்டிகளுக்குத் தனி வழி அமைத்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

கணக்கில் வராத துன்பம் களையப்படுவதில்லை. ஆகவே, பிறர் உயிரைக் காக்க வண்டியைத் திருப்பியவரிடமும், "உமக்கு எங்கேனும் அடிபட்டதா?" என்று கேட்போமாக.