ரோம் என்று போட்டிருக்கும், இறங்குவது சிவிடாவெக்கியாவில்

மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலாவின் விளம்பரத்தாளை எடுத்துப் பாருங்கள். பார்சிலோனா, மார்சேய், ஃப்ளாரன்ஸ், ரோம், வெனிஸ் என்று நாளுக்கொரு ஊர் வரிசையாக இருக்கும். பார்சிலோனாவும் மார்சேயும் கடற்கரை நகரங்கள்தான். ரோம் அப்படி இல்லை. கப்பல் நிற்பது சிவிடாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ 70 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஃப்ளாரன்ஸ் என்றால் லிவோர்னோவில் இறங்கி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வடக்கே போகப் போக இந்தத் தூரம் கூடுகிறது. பாரிஸ் என்று போட்ட கப்பல் ல ஹாவ்ரில் நிற்கிறது, பாரிஸ் அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். பெர்லினுக்கான துறைமுகம் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்டே. அந்தத் தூரம் 200க்கும் அதிகம்.

வெனிஸ் தனிக் கதை. 2019 ஜூன் 2ஆம் தேதி எம்எஸ்சி ஓபரா என்ற பெரிய கப்பல் கட்டுப்பாடு இழந்து அந்நகரின் படகுத்துறையிலும், அங்கே நின்ற சுற்றுலாப் படகிலும் மோதியது. பெருங்கப்பல்களை நகருக்குள் விடக் கூடாது என்று வெனிஸ் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வந்தார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போக இத்தாலி அரசு தடை விதித்தது. இப்போது வெனிஸ் என்று விற்கப்படும் பயணங்களில் சில மார்கேராவிலும், சில ட்ரியெஸ்டேயிலும், சில ரவென்னாவிலும் தொடங்குகின்றன. ரவென்னாவிலிருந்து வெனிஸுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

துறைமுகத்தின் பெயரும் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் என்பதால் இதை மோசடி என்று வாதிடுவது கடினம். ஆனால் பத்து மணி நேரம் நிற்கும் கப்பலிலிருந்து இறங்கி, ஆறு மணி நேரத்தைச் சாலையில் கழித்துவிட்டு ஈஃபில் கோபுரத்தை ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பதற்கா பெற்றோரின் ஓய்வூதியப் பணத்தைச் செலவிட்டோம் என்ற வருத்தம் வரக் கூடாது. எந்தத் துறைமுகம், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களில் பலர் தங்கள் உரிமையைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம், ஐரோப்பியச் சட்டம் நம்மைக் காக்காது என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு வகைப் பாதுகாப்பு இருக்கிறது. ஒன்று, நீங்கள் எங்கே கப்பல் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குப் பாஸ்போர்ட் ஒரு பொருட்டே அல்ல. மற்றது, நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டாவதில்தான் சென்னையில் பணம் கட்டியவருக்கும் பாரிஸில் பணம் கட்டியவருக்கும் பெரிய வேறுபாடு வருகிறது.

முதல் வகையைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறை 2012 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு துறைமுகத்தில் ஏறும் கப்பல் சுற்றுலாப் பயணி எந்த நாட்டவரானாலும் அது அவருக்குப் பொருந்தும். புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ ரத்தானாலோ காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்றபடி உணவும் பானமும் இலவசமாகத் தர வேண்டும். இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் தர வேண்டும். கரையில் தங்க வைத்தால் ஒரு இரவுக்கு 80 யூரோ, மூன்று இரவு வரை என்று செலவுக்கு வரம்பு வைத்துக்கொள்ளலாம். கப்பலை ஓட்டுவதே ஆபத்து என்ற அளவுக்கு வானிலை மோசமானது என்று நிறுவனம் நிரூபித்தால் தங்குமிடம் தரும் கடமை மட்டும் நீங்கிவிடும். இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. அதே விதிமுறையில் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 அல்லது 50 சதவீதம் இழப்பீடு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் ஃபெர்ரி பயணிகளுக்கானது. கப்பல் சுற்றுலாவுக்கு அது செல்லாது. அதை நம்பி மனு எழுதினால் ஒரே வரியில் மறுப்பு வரும்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த விதிமுறையில் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. உடல் இயலாமையைக் காரணம் காட்டி டிக்கெட் மறுக்க முடியாது; கப்பலின் அமைப்போ பாதுகாப்பு விதியோ இடம் கொடுக்காத நிலையில் மட்டுமே விலக்கு. உதவி தேவை என்று 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் துறைமுகத்திலும் கப்பலிலும் அதை இலவசமாகச் செய்து தருவது அவர்கள் கடமை. சக்கர நாற்காலியை அவர்கள் தவறால் உடைத்தால் பழுதுபார்க்கும் செலவையோ புதிய நாற்காலியின் விலையையோ தர வேண்டும். ஆனாலும் சட்டம் செய்ய முடியாத காரியங்கள் உண்டு. கிரேக்கத் தீவான சாண்டோரினியில் பெரிய கப்பல் கரையை நெருங்காது. சிறு படகில் இறங்கி, பிறகு மலை உச்சியிலுள்ள ஃபிரா ஊருக்குக் கேபிள் காரிலோ ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளிலோ ஏற வேண்டும். கேபிள் காருக்கு நீண்ட வரிசை நிற்கும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அந்த நாள் எப்படிப் போகும் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேர்ந்தால் 392/2009 விதிமுறை வருகிறது. ஏத்தன்ஸ் ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்படிக்கையை ஐரோப்பா தன் சட்டமாக்கிக்கொண்டது இது. கப்பல் மூழ்குதல், மோதல், தரைதட்டல், தீ போன்றவற்றில் பயணி பாதிக்கப்பட்டால் நிறுவனத்தின் தவறை அவர் நிரூபிக்கத் தேவையில்லை; 2,50,000 எஸ்டிஆர் வரை அது பொறுப்பேற்றே ஆக வேண்டும். போர், அசாதாரண இயற்கைச் சீற்றம் போன்றவை மட்டுமே விலக்கு. அதற்கு மேல் 4,00,000 எஸ்டிஆர் வரையிலும் பொறுப்பு உண்டு, தன்மேல் தவறில்லை என்று நிறுவனம் நிரூபித்தாலொழிய. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு யூரோவைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்புள்ளது. இப்படிப்பட்ட விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் உடனடித் தேவைக்காகக் குறைந்தது 21,000 யூரோவை 15 நாளுக்குள் முன்பணமாகத் தர வேண்டும்.

இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2012 டிசம்பர் 31 அன்று. அதே ஆண்டு ஜனவரி 13 இரவில்தான் சிவிடாவெக்கியாவிலிருந்து கிளம்பிய கோஸ்டா கான்கார்டியா, ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள்; 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிடாவெக்கியாவில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு உயிர்காப்புப் பயிற்சி மறுநாள்தான் நடப்பதாக இருந்தது. எந்தப் படகுக்கு ஓடுவது என்றே அவர்களுக்குத் தெரியாது. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. அந்தப் பயிற்சி நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வரக் கூடாது. 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் புயலுக்கு நடுவே வைக்கிங் ஸ்கை கப்பலின் எஞ்சின்கள் நின்றபோது, ஹெலிகாப்டரில் நானூறுக்கும் மேற்பட்டோரை ஒவ்வொருவராகத் தூக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் கரையோரம் என்பதால் கடல் சாதுவாகிவிடாது.

ஈரமான தளத்தில் வழுக்கி விழுந்தால் கணக்கு வேறு. அது கப்பல் விபத்து ஆகாது. நிறுவனத்தின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். விழுந்த இடத்தைப் படம் எடுத்து, மருத்துவப் பிரிவில் பதிவு செய்து, பார்த்தவர் பெயரை வாங்கி, கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். நகை, பணம் களவுபோனால், அவற்றைப் பாதுகாப்புக்கென்று கப்பல் அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தால் மட்டுமே அவர்கள் பொறுப்பு. கேபின் அலமாரியில் வைத்த தாலிக்கொடிக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

இனி இரண்டாவது வகை, வாங்கிய இடம். லண்டனிலோ ஒஸ்லோவிலோ பாரிஸிலோ வாழும் தமிழர்கள் அங்கேயே வாங்கினால், தொகுப்புச் சுற்றுலாச் சட்டம் அவர்களுக்குத் துணை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 உத்தரவு 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பிரிட்டனிலும் அதே ஆண்டு இதையொட்டிய சட்டம் வந்தது. கிளம்பும் முன் விலையை 8 சதவீதத்துக்கு மேல் கூட்டினாலோ பயணத்தை முக்கியமாக மாற்றினாலோ அபராதமின்றி விலகலாம். 14 நாளில் பணம் திரும்ப வேண்டும். நிறுவனம் திவாலானாலும் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. விளம்பரத்தில் சொன்னது இல்லையென்றால்? ஆஸ்திரியாவில் வாழ்ந்த ஒருவர் ட்ரியெஸ்டேயிலிருந்து சரக்குக் கப்பலில் பயணம் போக இணையத்தில் பார்த்துப் பணம் கட்டினார். நீச்சல் குளம், உடற்பயிற்சி அறை என்று படித்தது கப்பலில் இல்லை, ஏற மறுத்துவிட்டார். அந்த வழக்கில் 2010 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், இதுவும் தொகுப்புச் சுற்றுலாவே என்றும், நிறுவனம் தன் வியாபாரத்தை அந்த நாட்டை நோக்கிச் செய்திருந்தால் நுகர்வோர் சொந்த நாட்டிலேயே வழக்குப் போடலாம் என்றும் வழிகாட்டியது.

சொன்ன துறைமுகத்தில் நிற்காமல் கப்பல் தாண்டிப் போவதுதான் அடிக்கடி வரும் புகார். காற்று அடித்தால் சிறு படகு ஓடாது. குரோஷியாவின் டுப்ரோவ்னிக் ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம் என்கிறது. சாண்டோரினி ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த ஊர்களின் கட்டுப்பாடு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அங்கே வாழ்கிறவர்களுக்கும் தெருவில் நடக்க இடம் வேண்டுமே. ஆனால் அதன் செலவைப் பயணி மட்டும் சுமப்பது நியாயமில்லை. ஒப்பந்தத்தில் ‘எக்காரணத்துக்காகவும் துறைமுகத்தை மாற்றலாம்’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம். யார் கையிலும் இல்லாத காரணத்தால் சேவை குறைந்தாலும் அதற்கேற்ப விலையைக் குறைக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 12 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு கொரோனா காலத்து வழக்கில் தீர்ப்பளித்தது. சென்னையில் வாங்கியவர்களும் இறங்காத துறைமுகத்துக்கான வரியையாவது திருப்பிக் கேட்கலாம். எழுதிக் கேட்டால்தான் பேச்சே தொடங்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பெரிய ஆபத்து விசாவில் இருக்கிறது. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் என்ற பொது விசா வட்டாரத்தில் சேர்ந்துவிட்டது. பக்கத்திலுள்ள மான்டினீக்ரோ சேரவில்லை. டுப்ரோவ்னிக்கிலிருந்து மான்டினீக்ரோவின் கோட்டோருக்குப் போய் இத்தாலிக்குத் திரும்பும் கப்பலில் ஒருமுறை நுழைவு விசாவை நம்பி ஏற முடியாது. பலமுறை நுழைவு விசா வேண்டும். துருக்கி, பிரிட்டன், அயர்லாந்து எல்லாம் ஷெங்கனுக்கு வெளியே; தனித்தனி அனுமதி. இறங்காமல் கேபினிலேயே இருந்துவிடுகிறேன் என்றாலும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. விசா சரியில்லை என்று கப்பலேற்ற மறுத்தால் ஒரு பைசா திரும்பாது, ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று ஒப்பந்தமே சொல்கிறது. அகதிப் பயண ஆவணத்தில் போகும் ஈழத் தமிழர்கள் ஒவ்வொரு துறைமுக நாட்டையும் தனியாக விசாரிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸிலும் இதே சிக்கல். விசாவுக்காகக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. அதற்கென்றே விற்கப்படும் மலிவான பாலிசி ஷெங்கன் நாடுகளோடு நின்றுவிடலாம். கப்பல் மருத்துவர் தனியார் கட்டணம் வாங்குவார், அது உங்கள் கணக்கில் ஏறும். கப்பல் பயணம், கடலிலிருந்து ஹெலிகாப்டரில் எடுத்துச் செல்லும் செலவு, போகும் எல்லா நாடுகளும் பாலிசியில் உள்ளனவா என்று பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். மறைத்த நோய்க்குப் பணம் வராது.

கப்பலைத் தவறவிட்டால் அது காத்திருக்காது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவில் சேர்ப்பார்கள். நீங்களாகப் போனால் எல்லாம் உங்கள் செலவு. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். கப்பலின் நேரம் எது என்று தினமும் கேளுங்கள். துறைமுக ஏஜென்ட்டின் எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் சட்டைப்பைக்குள் வையுங்கள். அவசரத்துக்கு ஐரோப்பா முழுதும் 112.

புகார்களுக்குக் கெடு உண்டு. 1177 விதிமுறையின் கீழ் நிறுவனத்துக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத வேண்டும். அவர்கள் ஒரு மாதத்தில் நிலையையும் இரண்டு மாதத்தில் இறுதிப் பதிலையும் சொல்ல வேண்டும். பதில் திருப்தியில்லையென்றால் நீங்கள் ஏறிய துறைமுக நாட்டின் அமலாக்க அமைப்பிடம் போகலாம். 392 விதிமுறையின் கீழ், கேபின் பையில் வெளிப்படையாகத் தெரியும் சேதத்தை இறங்கும்போதே எழுதிக் கொடுங்கள். தெரியாத சேதத்துக்கு 15 நாள். காயத்துக்கான வழக்குக்கு இரண்டு ஆண்டு.

இந்தியாவில் ஏஜென்ட்டிடம் வாங்கியவர்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஜெனோவா நீதிமன்றம் என்று போட்டிருந்தாலும், குறையுள்ள சேவை விற்ற ஏஜென்ட்மீது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள், சமரசத்தில் முடிந்தால் நல்லது. அதற்கெல்லாம் அடிப்படை ரசீது. ஏஜென்ட் நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு, கப்பல் பெயரும் தேதியும் துறைமுகங்களும் எழுதிய ரசீது. அதைத் தரத் தயங்குகிறவரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.