கதை வாசிப்பும் கட்டுரை வாசிப்பும்

எழுத்தைக் கூட்டி ஒலித்தலும் பொருளை உணர்தலும் ஒன்றல்ல. ஆறாம், ஏழாம் வகுப்புக்களிற் பயிலும் மாணாக்கர் பலர் பாடப்பகுதியைத் தங்குதடையின்றி உரக்க வாசிப்பர், வாசித்து முடித்தபின், "இங்கே கூறப்பட்டது யாது?" என வினவின் வாளாவிருப்பர். கீழ்வகுப்புக்களில் இக்குறை எளிதில் வெளிப்படுவதில்லை. வரலாறும் விஞ்ஞானமும் தனித்தனிப் பாடங்களாய் விரியும் இடைநிலை வகுப்புக்களிலேயே அது தலைகாட்டுகின்றது. அங்கே வாசித்துக் கிரகித்தல் ஒரு பாடத்தின் பகுதி மாத்திரமன்று. எல்லாப் பாடங்களுக்கும் வாயிலாகும்.

இக்குறை நெடுங்காலம் மறைந்து கிடப்பதற்கு வகுப்பில் வினவப்படும் வினாக்களும் ஏதுவாகின்றன. "பிடலன் நெருமத்தைத் தெவலினால் மிகட்டினான்" எனக் கரும்பலகையில் எழுதி, "பிடலன் நெருமத்தை எதனால் மிகட்டினான்?" என வினவுக. "தெவலினால்" என எல்லா மாணாக்கரும் விடையிறுப்பர். அவ்வாக்கியத்திலோ பொருள் சிறிதுமில்லை. வேற்றுமையுருபே விடையைக் காட்டிக்கொடுத்தது. பாடப்பகுதியின் சொற்களைப் பெயர்த்தெழுதினாலே விடையாகிவிடும் வினாக்கள் யாவும் இத்தகையனவே. அவற்றால் நிறைந்த புள்ளி பெற்றவன் பொருளுணர்ந்தான் எனக் கொள்ளுதல் தவறு.

வாசிப்பு என்பது சிந்தனைத் தொழிலே என்பதை அமெரிக்க உளநூலறிஞர் எட்வேட் தோண்டைக் 1917ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஒரு பந்தியை உணர்தல் கணக்கொன்றைச் செய்தலை ஒக்கும் என்பது அவர் கருத்து. எனினும், அந்நாட்டு வகுப்பறைகளை நேரிற் கண்டு டொலோரெஸ் டேர்க்கின் 1978-79இல் வெளியிட்ட ஆய்வு, வாசிப்புப் பாடநேரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவான நேரமே பொருளுணரும் முறையைக் கற்பிப்பதிற் செலவாயிற்று எனக் காட்டியது. கிரகித்தல் சோதிக்கப்பட்டதேயன்றிக் கற்பிக்கப்பட்டதில்லை.

கற்பிக்குங்கால் முதலில் நினைவிற் கொள்ளத்தக்கது, கதையை உணருமாறும் கட்டுரையை உணருமாறும் வேறு வேறு என்பதாம். கதையாசிரியன் சொல்லாது விடுவன பல. "மகனின் கடிதத்தை வாசித்த தாய் அதனை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டாள். அன்றிரவு உலையில் ஒரு சுண்டு அரிசியைக் குறைத்தே இட்டாள்" என ஒரு கதை செல்வதாகக் கொள்வோம். வருவான் என எதிர்பார்க்கப்பட்ட மகன் வரவில்லை என்பது அங்கே வெளிப்படையாய் இல்லை. அரிசியின் அளவே அதனை உணர்த்துகின்றது. ஆதலின், "தாய் ஏன் அரிசியைக் குறைத்தாள்?" என்பதே வினவத்தக்க வினா. "மகன் இறந்துவிட்டான்" என ஒருவன் விடை கூறின், அவனைக் கடிந்து அமர்த்துதல் ஆகாது. "அதனை எச்சொல் காட்டுகின்றது?" எனக் கேட்டல் வேண்டும். கடிதம் மகன் எழுதியதே என்பதை நோக்கி, தன் ஊகம் நில்லாமையை அவனே காண்பான். ஊகித்தற்கும் ஓர் எல்லையுண்டென்பதை அவன் கற்பது அங்ஙனமே.

கட்டுரையாசிரியனோ செய்திகளை வெளிப்படக் கூறுகின்றான். அவை ஒன்றோடொன்று இயையுமாற்றைக் காண்டலே மாணாக்கனுக்கு அரிதாகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர்நீர் மேலெழும். இவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்தவனிடம், "நல்ல மழை பெய்த ஆண்டிலும் கிணறு உவராதல் கூடுமோ?" என வினவின் திகைப்பான். தொடர்பை உணர்ந்தவனோ, "இறைப்பு மிகின் கூடும்" என்பான். ஆதலால், ஆயினும், இன்றேல் என்பன போன்ற சொற்களின்கீழ்க் கோடிடச் செய்தலும், காரணத்தையும் காரியத்தையும் அம்புக்குறியால் இணைக்கச் செய்தலும் இதற்குத் தக்க பயிற்சிகளாம்.

முன்னறிவின் வலிமையும் கருதற்பாலது. றெக்ற், லெஸ்லி என்னும் இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 7ஆம், 8ஆம் வகுப்பு மாணாக்கர் 64 பேர் பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசித்தனர். ஆட்டத்தை நன்கறிந்த, வாசிப்பில் வலிகுன்றிய மாணாக்கர், ஆட்டத்தை அறியாத வாசிப்பு வல்லாரினும் மேலாக அதனை நினைவிற் கொண்டிருந்தனர். எனவே, ஒரு பகுதியை உணராதவனை மந்தன் என முடிவு செய்யுமுன், அவன் அப்பொருளை அறிவானோ என ஆராய்தல் ஆசிரியர் கடனாகும்.

பொருளுணரும் வழியைக் கண்ணெதிரே செய்துகாட்டலும் இயலும். பலிங்சாரும் பிரவுணும் 1984இல் விளக்கிய முறையில் நான்கு செயல்கள் உள: வாசித்ததைச் சுருக்குதல், அதுபற்றி வினா எழுப்புதல், விளங்காத இடத்தைத் தெளிதல், மேல்வருவதை முன்னுணர்தல். ஆசிரியர் இவற்றை முதலில் வாய்விட்டுச் செய்துகாட்டுவார். பின்னர் மாணாக்கர் முறைமுறையே ஆசிரியர் நிலையில் அமர்ந்து வகுப்பை நடத்துவர். ஏழாம் வகுப்பில் எழுத்துக்களைப் பிழையற வாசித்தும் பொருளுணராதிருந்த மாணாக்கர் இம்முறையால் நற்பயன் பெற்றனர். இதற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டப்படுவது ஆசிரியரின் பொறுமையே.

இன்று பாடப்பகுதியின் சொற்களைப் பெயர்த்தெழுதிப் புள்ளி பெறும் சிறுவன், நாளை ஒரு காணி உறுதியிற் கையொப்பமிடுவான். மருந்துப் போத்தலின் குறிப்பை வாசிப்பான். தேர்தற் காலத்துத் துண்டுப்பிரசுரத்தைக் கையில் ஏந்துவான். அப்பொழுது அவனை வினவுவார் ஒருவரும் இரார். தன்னைத்தானே வினவும் பழக்கம் ஒன்றே அவனுக்குத் துணையாகும். அப்பழக்கத்தை இளமையிலே ஊன்றிவிடுதலே வாசிப்புப் பாடத்தின் பயனாம்.